விஏ டிசெபிலிட்டி காசு வாங்கிக்கிட்டே வேலைக்குப் போகலாமா? புதுசா வெளிய வந்தவங்களுக்கு

அமெரிக்க ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ்னு இருந்துட்டு வெளிய வர்ற நம்ம தமிழ்ப் பசங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, விஏ காசு வருது, இப்ப நான் வேலைக்கு சேர்ந்தா அத நிறுத்திருவாங்களா?" விஏங்கறது முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசுத் துறை, சர்வீஸ்ல உடம்போ மனசோ பாதிச்சவங்களுக்கு மாசா மாசம் அவங்க குடுக்குற காசுதான் இது. கேக்கும்போதே குரல்ல பயம் தெரியும். சில பேர் இந்த பயத்துலயே கைக்கு வந்த வேலைய வேணாம்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க, இன்னும் சில பேர் எதையும் விசாரிக்காம வேலைக்கு போயிட்டு ஒரு வருஷம் கழிச்சு லெட்டர் வந்ததும் தலைல கைய வச்சிக்கிறாங்க. ரெண்டையும் பக்கத்துல இருந்து பாத்துட்டேன், அதான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

நான் 2014ல மாவ்னி வழியா சேர்ந்தவன். கிரீன் கார்டு இல்லாட்டியும் தமிழ் மாதிரி அவங்க லிஸ்ட்ல இருக்குற ஒரு மொழி தெரிஞ்சா சேரலாம்னு அப்ப ஒரு வழி இருந்துச்சு, 2016ல ஆள் எடுக்குறத நிறுத்திட்டாங்க. என் வேலை 91 பிராவோ, வண்டி மெக்கானிக். மோட்டார் பூல் சிமெண்ட் தரைல முட்டி போட்டு போட்டே ரெண்டு முட்டியும் போச்சு, இடுப்பு போச்சு, காதுல எந்நேரமும் ஒரு ரீங்காரம், தூக்கம் கெட்டு மனசும் கெட்டுச்சு. எல்லாம் சேர்த்து விஏ 70 சதவீதம் ரேட்டிங், அதாவது பாதிப்போட அளவு, குடுத்திருக்கு. இப்ப ஃபுல் டைம் வேலை பாக்குறேன், விஏ காசு ஒரு மாசம் கூட நின்னதில்ல.

அந்த ரேட்டிங் லெட்டர் வந்த அன்னிக்கு ஊருக்கு போன் போட்டு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "எய்யா, ஒனக்கு முடியலன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டான், பெறவு எதுக்குய்யா வேலைக்கு போற?"ன்னாங்க. அம்மா மட்டும் இல்ல, நம்மள்ல முக்காவாசி பேர் மனசுல இதுதான் ஓடுது. 70 சதவீதம்னா 70 சதவீதம் வேலை செய்ய முடியாதுன்னு நெனைக்கிறோம். அது அப்படி இல்ல. சட்டம் சொல்றது என்னன்னா, இந்த மாதிரி காயம் இருக்குற ஆளுக்கு சராசரியா சம்பாதிக்கிற திறன் எவ்வளவு குறையும்னு ஒரு கணக்கு, அதுக்கு ஈடா ஒரு தொகை. சராசரி. நீங்க தனிப்பட்ட முறைல கஷ்டப்பட்டு அதையும் தாண்டி சம்பாதிச்சா அது உங்க சம்பாத்தியம், அதுக்காக உங்க முட்டி சரியாயிட்டதா அர்த்தம் இல்ல.

அதனால கேள்வியையே கொஞ்சம் மாத்திக் கேக்கணும். "வேலைக்கு போகலாமா"ன்னு கேக்காதீங்க, "எனக்கு வர்றது எந்த காசு"ன்னு கேளுங்க. தொகை எவ்வளவுங்கறது முக்கியமே இல்ல, எந்த வகைல வருதுங்கறதுதான் முக்கியம்.

முதல் வேலை, லெட்டர எடுத்து படிங்க

விஏ.கவ் தளத்துல லாகின்.கவ் அக்கவுண்டோ ஐடி.மீ அக்கவுண்டோ வச்சு உள்ள போனா உங்க டிசிஷன் லெட்டர் எல்லாம் பிடிஎஃப்பா இருக்கும், பெனிஃபிட் சம்மரி லெட்டர்னு ஒண்ணும் இருக்கும். ரெண்டையும் டவுன்லோட் பண்ணுங்க. தொகைய மட்டும் பாத்துட்டு மூடி வச்சிராதீங்க, ஏன்னா ஒரே தொகை ரெண்டு வேற வேற காரணத்துக்கு வரலாம். ஒருத்தருக்கு எல்லா ரேட்டிங்கும் கூட்டி நெஜமாவே 100 சதவீதம் வந்திருக்கும், இன்னொருத்தருக்கு ரேட்டிங் 70தான், ஆனா "இவரால வேலை பாக்க முடியாது"ன்னு ஒத்துக்கிட்டு 100 சதவீத தொகைய குடுப்பாங்க. பேங்க்ல விழுறது ஒரே பணம். முதல் ஆள் நாளைக்கே வேலைக்கு போகலாம், ரெண்டாவது ஆள் போனா பிரச்சனை.

லெட்டர்ல "இண்டிவிஜுவல் அன்எம்ப்ளாயபிலிட்டி"ன்னு எங்கயாச்சும் இருக்கான்னு தேடுங்க. பேச்சுல இத டிடிஐயூன்னோ ஐயூன்னோ சொல்லுவாங்க. இருந்தா நீங்க ரெண்டாவது ஆள். இல்லன்னா, "சர்வீஸ் கனெக்டட்"னு, அதாவது சர்வீஸால வந்த பாதிப்புன்னு போட்டு சதவீதம் மட்டும் இருந்தா நீங்க முதல் ஆள். "பென்ஷன்"னு இருந்தா அது மூணாவது கதை, கீழ சொல்றேன்.

சாதா ரேட்டிங்னா தைரியமா போங்க

10ல இருந்து 100 வரைக்கும் எந்த ரேட்டிங்கா இருந்தாலும் சம்பளத்துக்கு வரம்பு கிடையாது. வருஷம் 2 லட்சம் டாலர் வாங்குனாலும் விஏ காசுல ஒரு சென்ட் குறையாது. 100 சதவீதம், பர்மனெண்ட் அண்ட் டோட்டல்னு (நிரந்தரம், முழுசு) போட்டிருந்தா கூட, அது ரேட்டிங் வழியா வந்த 100ன்னா, ஃபுல் டைம் வேலை பாக்கலாம். "டோட்டல்"ங்கற வார்த்தைய பாத்து பயந்து வேலைய விட்டவங்கள எனக்கு தெரியும், ரொம்ப வருத்தமா இருக்கும்.

தொகை ஒரு அந்தாசுக்கு, 2024 டிசம்பர்ல இருந்து நடப்புக்கு வந்த ரேட்ல, குடும்பம் சேர்க்காத தனி ஆளுக்கு 10 சதவீதத்துக்கு மாசம் 175.51 டாலர், 50க்கு 1,102.04, 70க்கு 1,759.19, 100க்கு 3,831.30. வருஷா வருஷம் டிசம்பர்ல விலைவாசிக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க. 30 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா மனைவி, பிள்ளைங்களுக்கு சேர்த்து கூடுதலா வரும், அத கேட்டு வாங்கணும், தானா வராது. இதுக்கு வருமான வரி கிடையாது, டேக்ஸ் ஃபைல் பண்ணும்போது 1040ங்கற வரிப் பாரத்துல காட்டவே வேண்டாம்.

ரேட்டிங்க கூட்டுற முறை நம்ம பள்ளிக்கூட கணக்கு மாதிரி இருக்காது, அதையும் சொல்லிடுறேன். 50ம் 30ம் இருந்தா 80 இல்ல. 50 போக மிச்சம் இருக்குற 50ல 30 சதவீதம் எடுத்தா 15, ஆக 65, அத பக்கத்து பத்துக்கு தள்ளி 70. அதனாலதான் 90ல இருக்குறவங்களுக்கு 100 அவ்வளவு தூரமா தெரியுது, 90க்கும் 100க்கும் நடுவுல 1,500 டாலருக்கு மேல வித்தியாசம் வேற.

இங்க ஒரு விஷயத்துல மட்டும் கவனம் வேணும். முட்டிக்கு ரேட்டிங் போடுறப்ப முட்டி எவ்வளவு மடங்குதுன்னு அளக்குறாங்க, நீங்க ஆபீஸ் போறீங்களான்னு பாக்குறதில்ல. பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மன பாதிப்பு), டிப்ரஷன் மாதிரி மனநலத்துக்கு போடுற ரேட்டிங் வேற மாதிரி, அதோட அளவுகோல்லயே வேலை வந்துரும். அதுல 100ங்கறது வேலையும் மத்தவங்களோட பழக்கவழக்கமும் மொத்தமா முடங்கிப் போன நிலைக்கு. அந்த 100 வாங்கிட்டு பெரிய பொறுப்புல முழுநேர வேலைக்கு போகக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல, ஆனா மறுபடி பரிசோதனைக்கு கூப்பிட்டா அந்த கேள்வி வரும். வேலைல உங்களுக்கு என்னென்ன சலுகை குடுத்து ஓட்டுறாங்க, எத்தன நாள் லீவு போடுறீங்க, தனியா உக்கார வச்சிருக்காங்களா, இத எல்லாம் உண்மையா எழுதி வச்சிருந்தா பதில் சொல்ல முடியும். டாக்டர்கிட்ட கூட்டியும் சொல்லாதீங்க, நம்ம வழக்கப்படி "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், நல்லாருக்கேன்"னு குறைச்சும் சொல்லாதீங்க. எனக்கு முதல் பரிசோதனைல இதுதான் ஆச்சு, எப்படி இருக்கீங்கன்னு கேட்டதுக்கு மரியாதைக்கு "ஃபைன்"ன்னு சொன்னேன், அத அப்படியே ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க, மனநலத்துக்கு 30தான் போட்டாங்க, அப்புறம் அத 50 ஆக்குறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ரேட்டிங் குறைக்கிறதுன்னாலும் ராத்திரியோட ராத்திரியா குறைக்க முடியாது. குறைக்கப் போறோம்னு முதல்ல லெட்டர் வரும், 60 நாள் டைம் உண்டு எதிரா ஆதாரம் குடுக்க, நேர்ல பேசணும்னா 30 நாளுக்குள்ள ஹியரிங் கேக்கணும். இந்த தேதிகள தவற விடாதீங்க. அட்ரஸ் மாத்தினா விஏல உடனே மாத்துங்க, பழைய அபார்ட்மெண்டுக்கு போன லெட்டரால நஷ்டப்பட்டவங்க உண்டு. ஒரே ரேட்டிங் 5 வருஷம் நின்னுட்டா குறைக்கிறதுக்கு நிலையான முன்னேற்றத்த அவங்க காட்டியாகணும், 20 வருஷம் நின்னுட்டா அந்த 20 வருஷத்துல இருந்த ஆகக் குறைஞ்ச அளவுக்கு கீழ போக முடியாது, மோசடின்னா மட்டும்தான் விதிவிலக்கு.

டிடிஐயூல இருந்தா நிதானமா படிங்க

இது யாருக்குன்னா, ரேட்டிங் 100 வரல, ஆனா சர்வீஸ்ல வந்த பாதிப்பால நிலையான ஒரு வேலைல இருந்து பொழப்ப ஓட்ட முடியல, அவங்களுக்கு. சாதாரணமா ஒரே பாதிப்புக்கு 60 சதவீதம் இருக்கணும், இல்ல பல பாதிப்பு சேர்ந்து 70ம் அதுல ஒண்ணாச்சும் 40ம் இருக்கணும். ரெண்டும் இல்லாட்டியும் தனிப்பட்ட நிலைமைய பாத்து குடுக்க வழி இருக்கு, ஆனா கஷ்டம். விண்ணப்பம் 21-8940ங்கற பாரம், கடைசியா வேலை பாத்த கம்பெனிக்கு 21-4192ன்னு ஒரு பாரம் போகும், ஏன் வேலைய விட்டாரு, எவ்வளவு நேரம் லீவு போட்டாருன்னு அவங்க எழுதி அனுப்பணும்.

இந்த காசோட அடிப்படையே "வேலை பாக்க முடியாது"ங்கறதுதான், அதனால வேலைக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. இருந்தாலும் ஒரு நாள் கூட வேலை செய்யக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா அதுவும் தப்பு. ரெண்டு வாசல் திறந்திருக்கு.

ஒண்ணு, சில்லறை வருமானம். சென்சஸ் பீரோ வருஷா வருஷம் தனி ஆளுக்கு வறுமைக் கோடுன்னு ஒரு தொகை போடும், இப்ப அது 16 ஆயிரம் டாலர் பக்கம். வருஷத்துக்கு வேலை செஞ்சு சம்பாதிக்கிறது அதுக்குள்ள இருந்தா அத பெரிய வேலையா எடுத்துக்க மாட்டாங்க. விஏ காசு இந்த கணக்குல வராது, மனைவி சம்பளமும் வராது, பேங்க் வட்டியும் ஊர்ல வர்ற வாடகையும் வராது, நீங்க உழைச்சு வாங்குனது மட்டும்தான். ரெண்டாவது, பாதுகாக்கப்பட்ட வேலைன்னு சொல்லுவாங்க. குடும்பத்து கடை, இல்ல உங்க நிலைமைக்காகவே விட்டுக்குடுத்து வச்சிருக்குற இடம், அங்க வருமானம் அந்த கோட்ட தாண்டினாலும் கூட ஒவ்வொருத்தர் நிலைமையையும் பாத்து முடிவு பண்ணுவாங்க. இந்த ரெண்டாவது வாசல நம்பி தன்னிச்சையா இறங்காதீங்க, முன்னாடியே ஒரு விஎஸ்ஓ (விஏ அங்கீகாரம் குடுத்த உதவியாளர்) கிட்ட கேட்டுட்டு எழுத்துல வச்சுக்கோங்க.

எனக்கு பழக்கமான ஒரு அண்ணன், கன்னியாகுமரி பக்கம், நேவில இருந்தவரு, டிடிஐயூ. வீட்ல சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும்னு மச்சினனோட பலசரக்கு கடைல கல்லால உக்கார ஆரம்பிச்சாரு. முதல்ல வாரத்துக்கு ரெண்டு நாள், அப்புறம் கடைக்கு ஆள் கிடைக்கலன்னு ஆறு நாள். மச்சினன் முறையா சம்பளம் போட்டு டபிள்யூ-2ங்கற வருஷ சம்பளத் தாள் குடுத்தாரு, அது நல்லது. ஆனா வருஷ முடிவுல அந்த தாள்ல 31 ஆயிரம்னு இருந்துச்சு. விஏ, சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசு ஆபீஸ் கிட்ட இருக்குற சம்பளக் கணக்க எடுத்து ஒப்பிட்டு பாக்கும், அதுல தெரிஞ்சு 21-4140ங்கற வேலை விவரப் பாரம் வீட்டுக்கு வந்துச்சு. அண்ணன் அத அலமாரி மேல ரெண்டு மாசம் வச்சிட்டாரு, பயம். நானும் அவரும் ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜைல உக்காந்து கடைல என்ன பண்றாருன்னு ஒண்ணொண்ணா எழுதினோம், மூட்டை தூக்குறதில்ல, மைக்ரேன் வந்தா பின்னாடி ரூம்ல லைட்ட அணைச்சு படுத்துருவாரு, வாரத்துக்கு மூணு தடவையாச்சும், அப்பல்லாம் மச்சினன் சம்சாரம் கல்லாவ பாக்கும், வேற எந்த கடைலயும் இப்படி ஒரு ஆள ஒரு வாரம் வச்சிருக்க மாட்டாங்க. மச்சினன் தனியா ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்து போட்டாரு. காசு தப்பிச்சுது. ஆனா அந்த ரெண்டு மாசம் அவரு ஒழுங்கா தூங்கல, அது தேவையே இல்லாத கஷ்டம், பாரம் வந்த அன்னிக்கே உக்காந்திருந்தா ஒரு மதியம்தான் ஆகியிருக்கும்.

சில பேர் சொல்லுவாங்க, கைல காசா வாங்கிக்கோ யாருக்கும் தெரியாதுன்னு. தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. மறைச்சது தெரிஞ்சா வாங்குன காசெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க, அது சின்ன தொகையா இருக்காது, மோசடி வழக்கு வரைக்கும் போகும். ஊபர், டோர்டேஷ், வீட்ல இட்லி மாவு அரைச்சு விக்கிறது, இதெல்லாம் சுயதொழில் வருமானம், இதையும் பாரத்துல எழுதணும், எத்தன மணி நேரம்ங்கறதையும் சேர்த்து.

சரி, உடம்பு கொஞ்சம் தேறுது, முழுநேர வேலைய முயற்சி பண்ணிப் பாக்கணும்னு தோணுது, அப்ப என்ன பண்றது? இதுக்கு சட்டத்துலயே இடம் வச்சிருக்காங்க. வேலைல சேர்ந்த ஒரே காரணத்துக்காக உடனே டிடிஐயூவ எடுக்க முடியாது, தொடர்ந்து 12 மாசம் அந்த மாதிரி வேலைல நீடிச்சாதான் எடுக்கலாம். அதாவது முயற்சி பண்ணி முடியாம ஆறாவது மாசம் திரும்பி வந்தா அந்த முயற்சிக்காக தண்டிக்க மாட்டாங்க. வேலைல சேர்ந்த தேதி, விட்ட தேதி, ஏன் விட்டீங்க, மூணையும் எழுதி வைங்க, முதலாளிகிட்ட ஒரு இமெயிலாச்சும் வாங்கி வைங்க. விஏகிட்ட சொல்லிட்டு செய்யுங்க. 12 மாசம் தாண்டி நல்லா ஓடுதுன்னா டிடிஐயூ போகும், ஆனா உங்க அடிப்படை ரேட்டிங் அப்படியே இருக்கும். 70ல இருந்தவருக்கு 70க்கான காசு வந்துகிட்டுதான் இருக்கும், மேல சம்பளம். அந்த கணக்க முன்கூட்டியே பேப்பர்ல போட்டுப் பாருங்க. டெக்ஸாஸ் மாதிரி மாநிலங்கள்ல 100 சதவீதத்துக்கும் டிடிஐயூவுக்கும் சொந்த வீட்டுக்கு ப்ராபர்ட்டி டேக்ஸ் முழு விலக்கு இருக்கு, டிடிஐயூ போனா அதுவும் போகும், அதையும் கணக்குல சேருங்க.

பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி

விஏ பென்ஷன்ங்கறது வேற திட்டம். போர்க்காலத்துல சர்வீஸ் பண்ணி, 65 வயசாகியோ முழுசா முடியாமயோ, வருமானம் ரொம்ப கம்மியா இருக்குறவங்களுக்கு. நம்ம ஊர்ல பென்ஷன்னா ரிட்டயர்ட் காசு, இங்க அந்த அர்த்தம் இல்ல, அதனால "எனக்கு விஏ பென்ஷன் வருது"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு நெஜமாவே வர்றது காம்பன்சேஷன், அதாவது மேல சொன்ன பாதிப்புக்கான ஈட்டுத்தொகை. பென்ஷனா இருந்தா நீங்க சம்பாதிக்கிறதும் மனைவி சம்பாதிக்கிறதும் கணக்குல வரும், காசு குறையும்.

சோஷியல் செக்யூரிட்டில உடம்பு முடியாம வேலை பாக்க முடியாதவங்களுக்கு வர்ற காசு எஸ்எஸ்டிஐ, அது விஏவோட சம்பந்தமே இல்லாத ஆபீஸ், விதியும் தனி. விஏ காசு வருதுன்னு எஸ்எஸ்டிஐய குறைக்க மாட்டாங்க, ரெண்டையும் வாங்கலாம், ஆனா வேலைக்கு போனா எஸ்எஸ்டிஐ ரொம்ப கறாரு. 2025 கணக்குல மாசம் 1,620 டாலருக்கு மேல சம்பாதிச்சா பெரிய வேலைன்னு எடுத்துப்பாங்க. சோதனை மாசங்கள்னு 9 குடுக்குறாங்க, அந்த 9 மாசம் எவ்வளவு சம்பாதிச்சாலும் காசு நிக்காது. எஸ்எஸ்ஐ வேற, அது வருமானம் ரொம்ப கம்மியா இருக்குறவங்களுக்கு, அதுல விஏ காசையே வருமானமா கழிச்சிருவாங்க. ரெண்டு காசும் வாங்குறவங்க விஏ சரின்னு சொல்லிட்டா போதும்னு விட்டுறாதீங்க.

நேஷனல் கார்டு, ரிசர்வ்னு பகுதிநேரப் படைல தொடர்ந்து இருக்குறவங்க

வார இறுதி டிரில்லுக்கு, அதாவது படைப் பயிற்சிக்கு போனா அந்த நாளுக்கு டிரில் சம்பளமும் விஏ காசும் ரெண்டும் வாங்க முடியாது, ஒண்ண விடணும். வழக்கமா வருஷத்துக்கு 48 டிரில், 15 நாள் பயிற்சி, மொத்தம் 63 நாள் கணக்கு வரும். 21-8951ன்னு பாரம் வரும், பெரும்பாலானவங்க விஏ காச அந்த நாளுக்கு மட்டும் விடுறாங்க, ஏன்னா டிரில் சம்பளம்தான் பொதுவா கூட. பாரத்த கண்டுக்காம விட்டா பின்னாடி கடன்னு மொத்தமா பிடிப்பாங்க. ஆக்டிவ் டியூட்டிக்கு திரும்ப கூப்பிட்டா விஏ காசு நிக்கும், அத நீங்களே அவங்ககிட்ட சொல்லணும்.

இனி வேலை தேடுறது

வேலைக்கு தயார் பண்ற விஆர் அண்ட் ஈன்னு விஏல ஒரு திட்டம், சாப்டர் 31ன்னும் சொல்லுவாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச திட்டம் இதுதான், நம்ம ஆளுங்களுக்கு அதிகமா தெரியாததும் இதுதான். ரேட்டிங் 20 சதவீதம் இருந்து, அந்த பாதிப்பு வேலைக்கு இடைஞ்சலா இருந்தா போதும், 10 சதவீதம்னா இடைஞ்சல் கடுமையா இருக்கணும். 28-1900 பாரம். ஒரு கவுன்சிலர் குடுப்பாங்க, உங்க உடம்புக்கு ஏத்த வேலைக்கு படிக்கணும்னா ஃபீஸ், புக், கம்ப்யூட்டர், படிக்கிற காலத்துக்கு மாசச் செலவு, எல்லாம் கிடைக்கும், சொந்தத் தொழில் தொடங்கவும் உதவி உண்டு. 2013 ஜனவரி 1க்கு அப்புறம் வெளிய வந்தவங்களுக்கு 12 வருஷ கெடு கிடையாது. நான் வண்டிக்கு அடியில படுக்க முடியாம போனப்ப இது வழியாதான் நெட்வொர்க் படிச்சேன். கவுன்சிலரப் பாக்க போகும்போது "ஏதாச்சும் படிக்கணும்"னு போகாதீங்க, எந்த வேலை, அதுக்கு உங்க ஊர்ல என்ன சம்பளம், ஏன் அது உங்க முட்டிக்கு ஒத்து வரும், இந்த மூணும் ஒரு பக்கத்துல எழுதிக்கிட்டு போங்க.

ஃபெடரல் கவர்மெண்ட் வேலைக்கு யூஎஸ்ஏஜாப்ஸ் தளத்துல போடும்போது எஸ்எஃப்-15 பாரமும் விஏ லெட்டரும் சேர்த்து குடுத்தா 10 பாயிண்ட் முன்னுரிமை. 30 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா போட்டியே இல்லாம நேரா எடுத்துக்க ஒரு தனி அதிகாரம் அந்த ஆபீசுகளுக்கு இருக்கு, நிறைய ஆபீஸ் அத தானா சொல்லாது, அங்க இருக்குற வெட்டரன்ஸ் ஆளெடுப்பு அதிகாரிக்கு ரெஸ்யூமே, டிடி-214 (சர்வீஸ்ல இருந்து வெளிய வந்ததுக்கான தாள்), விஏ லெட்டர் மூணையும் அனுப்பி நீங்கதான் கேக்கணும். சேர்ந்த முதல் வருஷம் 30 சதவீதக்காரங்களுக்கு 104 மணி நேரம் தனி லீவு உண்டு, சர்வீஸ் பாதிப்புக்கான ட்ரீட்மெண்டுக்கு மட்டும், 12 மாசத்துக்குள்ள எடுக்கலன்னா போயிரும். எச்ஆர் சொல்ல மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க.

வேலைல சேர்ந்த பிறகு

இன்டர்வியூல உங்க ரேட்டிங்க சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்ல. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனிக்கு ஏடிஏ, அதாவது உடல், மன பாதிப்பு உள்ளவங்கள பாகுபாடு பண்ணக் கூடாதுங்கற சட்டம் பொருந்தும், ஆஃபர் குடுக்கறதுக்கு முன்னாடி உடம்புக்கு என்னன்னு அவங்க கேக்கவே கூடாது, இந்த வேலைய செய்ய முடியுமான்னு மட்டும் கேக்கலாம். சில விண்ணப்பத்துல வெட்டரனா, டிசெபிலிட்டி உண்டான்னு ஒரு பக்கம் வரும், அது கணக்கெடுப்புக்கு, பதில் சொல்றது உங்க இஷ்டம்.

நான் வேலை பாத்த ஒரு இடத்துல மேனேஜர் ஒருத்தர் என் ரேட்டிங் தெரிஞ்சதும் "உனக்குதான் கவர்மெண்ட் குடுக்குதே, இந்த ஓவர்டைம் குடும்பஸ்தனுக்கு போகட்டும்"னு சொன்னாரு. அன்னிக்கு வாய மூடிட்டு வந்துட்டேன், இன்னிக்கும் அது உறுத்துது. நீங்க அப்படி வராதீங்க, தேதி போட்டு என்ன சொன்னாங்கன்னு அன்னிக்கே எழுதி வைங்க, எச்ஆர்க்கு இமெயில் போடுங்க, அதுக்கும் மேல வேலை இடத்து பாகுபாட்ட விசாரிக்கிற ஈஈஓசின்னு ஒரு அரசு ஆபீஸ் இருக்கு, அங்க புகார் குடுக்க பொதுவா 180 நாள்தான் டைம்.

வசதி கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க. முழு மெடிக்கல் ஃபைலையும் குடுக்க வேண்டாம். "எனக்கு முட்டிலயும் இடுப்புலயும் பிரச்சனை இருக்கு, தொடர்ந்து நின்னா வேலை பாதிக்குது, ஏத்தி இறக்குற மேஜையும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உக்கார்ற இடைவேளையும் வேணும்"னு ரெண்டு வரி இமெயில், டாக்டர் நோட் கேட்டா மட்டும் அனுப்புங்க. பிரச்சனை என்ன, வேலைல அது எங்க தடுக்குது, என்ன வேணும், இந்த மூணும் இருந்தா அவங்க பேசி முடிவு பண்ணியாகணும். எனக்கு கிடைச்சது சர்வர் ரூம்ல விரிக்க ஒரு ரப்பர் மேட், காது ரீங்காரத்துக்கு மீட்டிங்ல கேப்ஷன், புதன்கிழமை காலைல தெரபிக்கு போயிட்டு லேட்டா வர அனுமதி, அவ்வளவுதான். அந்த ரப்பர் மேட்டால சாயங்காலம் வீட்டு மாடிப்படிய கைப்பிடி புடிக்காம ஏற முடியுது.

யார்கிட்ட கேக்குறது

மேல சொன்ன விஎஸ்ஓ, டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன்னு முன்னாள் வீரர் சங்கங்கள் எல்லாத்துலயும் இருக்காங்க, உங்க கவுண்ட்டி ஆபீஸ்லயும் இருப்பாங்க, ஒரு பைசா வாங்க மாட்டாங்க. முதல் கிளெய்முக்கு காசு கேக்குற யாரா இருந்தாலும், ரேட்டிங் ஏறினா ஏறுற தொகைல இத்தன மடங்கு குடுன்னு ஒப்பந்தம் நீட்டினாலும், கையெழுத்து போடாதீங்க. அங்கீகாரம் வாங்குன வக்கீலுக்கு கூட முதல் முடிவு வந்த பிறகுதான் ஃபீஸ் வாங்க சட்டம் இடம் குடுக்குது. முடிவு பிடிக்கலன்னா ஒரு வருஷத்துக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், அந்த ஒரு வருஷத்த விட்டா பழைய தேதில இருந்து வர வேண்டிய காசு போயிரும்.

ஏற்கனவே ரேட்டிங் இருக்கும்போது கூட்டிக் கேக்கப் போறீங்கன்னா ஒரு தடவை விஎஸ்ஓகிட்ட முழு ஃபைலையும் காட்டிட்டு போடுங்க, ஏன்னா ஒண்ண தொட்டா மத்ததையும் பாக்க அவங்களுக்கு வாய்ப்பு இருக்கு. விஏ நம்பர் 1-800-827-1000. ராத்திரி மனசு தாங்கலன்னா 988 அடிச்சு 1 அழுத்துங்க, ரேட்டிங் இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டாங்க, வேலை பாக்குறீங்களான்னும் கேக்க மாட்டாங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒண்ணுதான், டிசிஷன் லெட்டர டவுன்லோட் பண்ணி, அதுல உங்க காசு எந்த வகைன்னு எழுதியிருக்குற வரிய அடிக்கோடு போட்டு, ஒரு காப்பி வீட்ல மனைவிக்கோ கணவருக்கோ தெரியிற இடத்துல வைங்க. அந்த வரிய தமிழ்ல சொல்லி புரிய வைங்க, அவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கணும், ஏன்னா வேலைக்கு போகாதன்னு பயந்து தடுக்குறதும் அவங்கதான், 21-4140 வந்தா கவர முதல்ல பிரிக்கப் போறதும் அவங்கதான்.